இரண்டு பக்கமும் மடங்கும் தட்டி

நான் ஓவிய ஆசிரியையாக முதலில் சேர்ந்த பள்ளிக்கூடம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. ஊரின் பெயரைச் சொல்ல விருப்பமில்லை. சொன்னால் அந்த ஒரு ஊரில் மட்டும்தான் அப்படி நடந்தது என்று மற்ற ஊர்க்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

எனக்குச் சொந்த ஊர் திருக்கோவிலூர். கள்ளக்குறிச்சியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, டவுன் பஸ்ஸில் போய் வந்தேன். பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு நீள ஹால். ஓட்டுக் கூரை. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் அதற்குள்தான். நடுவில் தடுப்பு கிடையாது. கணக்கு வாத்தியார் ஒரு மூலையில் அதட்டினால் மூன்று வகுப்பும் அடங்கும். தமிழாசிரியை செய்யுளை ராகம் போட்டுச் சொன்னால் பக்கத்து வகுப்பு தன் அறிவியல் பாடத்தை விட்டுவிட்டு அதைக் கேட்கும். ஓவிய வகுப்புக்கென்று இடமில்லை. பிள்ளைகள் வரைந்ததை மாட்டவும் வழியில்லை. சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் காரை பெயர்ந்து விழும். பசை போட்டு ஒட்டினால் மறுநாள் காலையில் படங்கள் தரையில் சுருண்டு கிடக்கும்.

மடக்குத் தட்டிகள் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான். அதில் படமும் மாட்டலாம், வகுப்பையும் பிரிக்கலாம். வேண்டாத நேரத்தில் மடித்துச் சுவரோரம் சாத்திவிட்டால் ஹால் பழையபடி ஒரே ஹாலாகிவிடும். பழைய காலண்டர் அட்டைகளைத் துண்டுகளாக வெட்டி, துணிக் கிழிசலால் ஒன்றோடொன்று இணைத்து, என் அறைத் தரையில் வைத்து வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் வளைத்தால் ஒரு மூலை கிடைத்தது. இன்னும் வளைத்தால் ஒரு சின்ன அறை. முன்னும் பின்னுமாக மடித்தால் வரிசையாக நின்றது. எல்லாவற்றையும் நடுவில் கூட்டினால் நட்சத்திரம்போல விரிந்தது. அந்த வாரம் சாப்பிட்டேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. ஒரே சாமானை இத்தனை விதமாக நிறுத்த முடிகிறதே என்ற சந்தோஷம். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எதையும் அவ்வளவு சந்தோஷமாக நான் செய்யவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு மர டிப்போவை ஒட்டிப் பட்டறை வைத்திருந்த ஆசாரியிடம் அட்டை மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கதவும் கட்டிலும் செய்கிற மனிதர். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது? கதவும் இல்ல, ஜன்னலும் இல்ல."

"ரெண்டுமே இல்லதாங்க. நிக்கணும், மடங்கணும். பொம்பளப் புள்ளைங்க ரெண்டு பேர் தூக்கற மாதிரி இருக்கணும்."

மரம் மலைவேம்பு என்று முடிவானது, எடை குறைவு என்பதால். சட்டம் மட்டும்தான் மரம். நடுவில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைச் சாக்கை இழுத்துக் கட்டி, அதன்மேல் பழைய பேப்பரை அடுக்கடுக்காக ஒட்டி வெள்ளை அடிக்கலாம் என்றேன். குண்டூசி குத்தினால் சாக்கு பிடித்துக்கொள்ளும். கீல்தான் பிரச்சினை. இரும்புக் கீல் ஒரு பக்கம்தான் மடங்கும். கதவுக்கு அது போதும். என் தட்டி இரண்டு பக்கமும் மடங்க வேண்டும்.

"அந்த மாதிரிக் கீலு மெட்ராஸ்ல கெடைக்கும் டீச்சர். ஆஸ்பத்திரிக் கதவுக்குப் போடுவாங்க. இங்க ஏது?"

பட்டறைக்கு எதிரில் லாரி சீட்டு தைக்கிற கடை இருந்தது. அங்கே வெட்டிப் போட்ட ரெக்சின் துண்டுகளைப் பார்த்ததும் எனக்கு வழி கிடைத்தது. ரெக்சினைப் பட்டை பட்டையாக நறுக்கினோம். ஒரு பட்டையின் முனையை முதல் தட்டியின் முன்பக்கத்தில் அடித்து, இடுக்கு வழியாக விட்டு, மறுமுனையை அடுத்த தட்டியின் பின்பக்கத்தில் அடிக்க வேண்டும். அதற்குக் கீழே வரும் பட்டை இதற்குத் தலைகீழ். சடை பின்னுவதுபோல மாறி மாறிப் போகும். முதல் இரண்டு தட்டிகளை அப்படி இணைத்து, இந்தப் பக்கம் மடக்கி, அந்தப் பக்கம் மடக்கிப் பார்த்தபோது ஆசாரி சிரித்துவிட்டார். "புக்கு மாதிரி மடங்குது டீச்சர். எந்தப் பக்கம் அட்டைன்னே தெரியல" என்றார்.

அந்தத் தட்டிகள் நேராக நிற்காது. நேராக வைத்தால் விழுந்துவிடும். கொஞ்சமாவது வளைத்தால்தான் நிற்கும். அதை நான் குறையாக நினைக்கவில்லை. பிள்ளைகளே எப்படி வளைப்பது என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். கணக்கு வகுப்புக்கு ஒரு விதம், என் வகுப்புக்கு ஒரு விதம். சனிக்கிழமைகளில் ஹால் முழுக்கச் சந்து சந்தாக நிறுத்திவைத்து, தாங்கள் மாட்டிய படங்களைத் தாங்களே புதிதாகப் பார்ப்பதுபோல அதற்குள் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

அப்போது ஏழாவதில் ஒரு பெண் இருந்தாள். காலனிப் பெண். அம்மாவும் அப்பாவும் ஊர்க்காரர்களின் காட்டில் கரும்பு வெட்டப் போகிறவர்கள். கரும்பு ஏற்றிய டிராக்டரை வரையச் சொன்னால் எல்லாரும் பக்கவாட்டில் வரைவார்கள், இரண்டு சக்கரம், மேலே டிரைவர். இவள் மட்டும் பின்னாலிருந்து வரைந்தாள். கரும்புக் கட்டுகளின் வெட்டுவாய்கள், ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் வட்டங்கள். அதற்கு அடியில் ஓரமாக ஒரு நம்பர் பிளேட். "ஏம்மா இப்படி?" என்றேன். "நாங்க பின்னால தான் டீச்சர் போவோம், உழுந்தத பொறுக்க" என்றாள். அந்தப் படத்தை முதல் தட்டியில், வாசலில் நுழைந்ததும் தெரிகிற மாதிரி மாட்டினேன்.

அடுத்த வருஷம் அவள் எட்டாவதுக்கு வந்தபோது ஊர்க்காரர்களின் சாதி கேட்ட இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்தில் பெரிதாகிவிட்டது. சாலையோரப் புளிய மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் நின்றது. போலீஸ் வேன் வந்தது. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஊரில் இருந்த பையன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு இருந்ததாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கிண்டியவர்கள், எங்கள் பிள்ளைக்கும் ஆபீஸில் ஒரு நாற்காலி கொடு என்று கேட்டார்கள். அடியும் வாங்கினார்கள். அந்த ஊரில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரியாத நாட்களை நானே பார்த்திருக்கிறேன்.

மறியல் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், காலனியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. மாட்டு வண்டியில் ஏற்றிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வண்டி போவதற்காக ரோட்டில் கிடந்த மரத்தின் ஒரு கிளையை வெட்டி ஓரமாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். மரத்தில் கை வைத்தது யார் என்று பேச்சு ஆரம்பித்து, வாய்ச் சண்டையாகி, கைகலப்பாகி, அந்த வாரக் கடைசியில் காலனி எரிந்துவிட்டது. உயிர்ச் சேதம் இல்லை என்று பிறகு எல்லாரும் ஆறுதலாகச் சொன்னார்கள். ஆட்கள் முன்னாலேயே கரும்புக்குள் ஓடிவிட்டதால் சேதம் இல்லை.

பஸ் மறுபடி ஓட ஆரம்பித்து நான் பள்ளிக்குப் போனபோது ஜன்னல் வழியாகக் காலனியைப் பார்த்தேன். கறுப்பாக ஒரு மேடு. அதில் பாத்திரம் தேடிக்கொண்டு சில பெண்கள். பள்ளியில் காலனிப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. பல வாரம் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். புத்தகம் யாரிடமும் இல்லை.

அவர்கள் வர ஆரம்பித்த பிறகு ஒரு திங்கட்கிழமை நான் ஹாலுக்குள் நுழைந்தேன். என் தட்டிகள் எட்டாம் வகுப்பின் நடுவே நெடுக்காக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக நின்றன. ஒவ்வொரு தட்டிக்கும் அடியில் புதிதாகக் கழற்றி மாட்டும் மரக்கால் போட்டிருந்தது. ஜன்னல் பக்கம் ஊர்ப் பிள்ளைகள். உள்பக்கம் காலனிப் பிள்ளைகள். எதிரே சுவரில் இருந்த கரும்பலகை ஜன்னல் பக்கத்துக்குப் போய்விட்டது. இந்தப் பக்கத்திலிருந்து கழுத்தை நீட்டினால் பாதி தெரியும்.

தலைமையாசிரியர் தியாகதுருகம் பக்கத்துக்காரர். என்னைப்போல பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர். யாரையும் வாடா போடா என்று பேசாதவர். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். கொஞ்ச காலம் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சார், இது இன்னா சார்?"

"நாலு நாளு பொறுத்துக்குங்க டீச்சர். ஊரு ஆறட்டும். தனியா உக்கார வெச்சாதான் புள்ளைங்கள அனுப்புவோம்னு நிக்கறாங்க. ஸ்கூலையே மூடச் சொல்றீங்களா?"

"அதுக்கு என் தட்டிய..."

"சுவரா கட்டிட்டேன்? தட்டிதானே டீச்சர். எப்ப வேணா எடுத்துடலாம்."

அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு அவர் வாயால் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. சுவர் கட்டியிருந்தால் கொத்தனார் வர வேண்டும், செங்கல் வர வேண்டும், யார் அனுமதி கொடுத்தது என்று கேள்வி வரும். தட்டிக்கு ஒன்றும் வேண்டாம். காலையில் இரண்டு பிள்ளைகள் தூக்கி வைப்பார்கள், சாயங்காலம் இரண்டு பிள்ளைகள் மடிப்பார்கள். பெண் பிள்ளைகள் தூக்குகிற எடையில் இருக்க வேண்டும் என்று நான்தானே கேட்டு வாங்கினேன்.

என் வகுப்பு வரும்போது மட்டும் மரக்கால்களைக் கழற்றி, தட்டிகளை வளைத்துச் சந்து சந்தாக நிறுத்துவேன். பிள்ளைகள் முதலில் தயங்கினார்கள், பிறகு பழையபடி உள்ளே சுற்ற ஆரம்பித்தார்கள். அது கொஞ்ச நாள்தான். ஒரு மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. தன் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பையன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அவன் பின்னாலேயே மற்ற ஊர்ப் பையன்கள். மறுநாள் தலைமையாசிரியர், இனி தட்டியை யாரும் நகர்த்தக் கூடாது என்றார்.

நான் கள்ளக்குறிச்சியில் இருந்த கல்வி அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் கவனமாகத்தான் கேட்டார். "வந்து பாக்கறேம்மா" என்றார். சொன்னபடி வந்தார். ஆனால் வரப்போவதை முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டு வந்தார்.

அன்று காலை ஹால் ஒரே ஹாலாக இருந்தது. தட்டிகள் சுவரோரம் அழகாக வளைந்து நின்றன. எல்லாவற்றிலும் பிள்ளைகளின் படங்கள். பழைய டிராக்டர் படத்தைக்கூட எங்கிருந்தோ தேடி எடுத்து நடுவில் மாட்டியிருந்தார்கள். மரக்கால்களைக் காணோம். பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "எங்கம்மா நீங்க சொன்ன தடுப்பு?"

"இதுதாங்க சார்."

"இது படம் மாட்டியிருக்கற தட்டிம்மா."

"நேத்து வரைக்கும் வகுப்புக்கு நடுவுல நின்னுச்சி சார். புள்ளைங்களையே கேளுங்க."

அவர் கண்ணில் பட்டவள் அந்தப் பெண்தான். எழுந்து நின்றாள். "ஏம்மா, உங்களத் தனியா உக்கார வெக்கறாங்களா?" என்று நல்ல குரலில்தான் கேட்டார். அவள் தலைமையாசிரியரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இல்லீங்க சார்."

ஊர்ப் பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பி, "புதுசா வேலைக்கு வந்தவங்க. ஆர்வம் ஜாஸ்தி, அனுபவம் கம்மி" என்று தலைமையாசிரியருக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். அதோடு விடவில்லை. தட்டியின் பக்கத்தில் போய் மடக்கிப் பார்த்தார், மறுபக்கம் மடக்கிப் பார்த்தார். ரெக்சின் பட்டை போகிற வழியை விரலால் தடவினார். "பிரமாதம்மா இது. அடுத்த மாசம் கள்ளக்குறிச்சியில பள்ளிக்கூடக் கண்காட்சி இருக்கு. நீங்க இதக் கொண்டாந்து வெக்கணும்" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. அவர் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்காக நின்றபோது அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். தலையில் கரும்புச் சோகைக் கட்டு, காய்ந்த தோகை. அதை இறக்கி வைக்காமலே பேசினார்.

"எம் பொண்ணு மேல கோச்சிக்காதீங்க டீச்சர். இல்லன்னு சொல்லச் சொன்னது நான்தான்."

"ஏம்மா? நான் உங்களுக்காகத்தானே..."

"தெரியும் டீச்சர். நேத்தே ஊரு ஆளுங்க வந்து சொல்லிட்டுப் போனாங்க. வூடு எரிஞ்சி இன்னும் கூர போட்டு முடிக்கல. கூர போட இந்தச் சோகையே அவங்க காட்டுல தான் அள்ளிக்கினு வரணும். வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா பண்ணுவோம்? அதிகாரி ஜீப்புல வந்தாரு, ஜீப்புல பூட்டாரு. நீங்களும் பஸ்ஸு வந்தா ஏறிப் பூடுவீங்க. நாங்க எங்க போறது?"

பஸ் வந்தது. நான் ஏறித்தான் போனேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இத்தனை வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மாள் சொன்னதில் கோபம்கூட இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

கண்காட்சியில் என் தட்டிகளை நுழைவாயிலுக்கு நேரே நட்சத்திரமாக விரித்து வைத்தார்கள். ஒரு கேடயம் கொடுத்தார்கள். தேவைக்கு ஏற்றபடி மாறிக்கொள்ளும் தட்டி என்று மைக்கில் பாராட்டினார்கள். மற்றப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர்கள் வந்து அளவு கேட்டார்கள், என்ன மரம் என்று கேட்டார்கள். எனக்குக்கூட ஒரு கணம் பெருமையாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அப்போது ஒரு தலைமையாசிரியர், வயதானவர், கூட்டம் விலகும்வரை காத்திருந்து கிட்ட வந்தார்.

"இது நேரா நிக்குமா டீச்சர்?"

"நேரா எதுக்குங்க சார்?"

"ஒரு வகுப்பு நடுவுல நெடுக்க நிறுத்தறதுக்கு. எங்க ஊர்லயும் இப்ப கொஞ்சம் பிரச்சின. நாலு நாளைக்குத்தான்."

நேராக நிற்காது என்றேன். "உங்க எச்செம் கால் அடிச்சா நிக்கும்னாரே" என்றார், அப்பாவியாக.

கண்காட்சி முடிந்து தட்டிகள் பள்ளிக்குத் திரும்பின. வண்டியிலிருந்து இறக்கிய கையோடு எட்டாம் வகுப்பின் நடுவில் நிறுத்தினார்கள், மரக்காலோடு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் அட்டை வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போய், ரெக்சின் பட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். ஒளிந்து செய்யவில்லை. பிள்ளைகள் தட்டில் சோற்றோடு வந்து நின்று பார்த்தார்கள். பட்டை அறுந்ததும் தட்டி ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தது, ஒன்று அந்தப் பக்கம். ஆசாரி பட்டையை நன்றாகத்தான் அடித்திருந்தார், அறுக்க லேசில் வரவில்லை. என் உள்ளங்கையில் ரத்தம். அந்தப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. டீச்சர் இப்படிச் செய்ததற்கு நாளை யார் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பள்ளிக்கூடத்துச் சொத்து டீச்சர் இது" என்றார் தலைமையாசிரியர். அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"என் கையால செஞ்சது சார்."

"செஞ்சிக் குடுத்துட்டீங்க இல்ல?"

அந்த வாரமே ஆசாரியை வரவழைத்து எல்லாவற்றுக்கும் இரும்புக் கீல் போட்டார்கள். இனி ஒரு பக்கம்தான் மடங்கும். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஆசாரி என்னைப் பார்த்துவிட்டு அவராகவே வந்து நின்றார். "கூப்டாங்க, போனேன் டீச்சர். எதுக்குன்னு தெரியும். தெரிஞ்சி இன்னா பண்றது, என் வூட்லயும் வயிறு இருக்குதில்ல" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பட்டறைப் பக்கம் போகவில்லை. தலைமையாசிரியரிடம் கடைசி நாள்வரை வணக்கம் சொன்னவள், ஆசாரியிடம் மட்டும் அந்த ரோஷத்தைக் காட்டினேன்.

பரீட்சை முடிந்ததும் எனக்கு மாற்றல் வந்தது. கல்வராயன் மலைமேல், மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளி. தண்ணியில்லாத காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று உறவினர்கள் வருத்தப்பட்டார்கள். தண்ணீர் இருந்தது. குளிர் இருந்தது. மரவள்ளிக் கிழங்கும் சாமைச் சோறும் இருந்தன. வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "உங்கள எதுக்கு டீச்சர் இங்க போட்டாங்க?" என்று கேட்டார். தண்டனை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் பிறந்து வளர்ந்த இடத்தை எனக்குத் தண்டனையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று அவரிடமே எப்படிச் சொல்வது?

மலைப் பள்ளியிலும் ஒரே ஹால். பகலில் வகுப்பு, ராத்திரியில் அதிலேயே படுக்கை. பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஒரு மறைப்பு வேண்டும் என்று சமையல் செய்கிற அம்மாள் கேட்டார். "நீங்க கண்காட்சியில பரிசு வாங்குனவங்களாமே, மடக்கற தட்டி ஒண்ணு செஞ்சிக் குடுங்களேன்." கயிறு கட்டி என் பழைய புடவைகள் இரண்டைத் தொங்கவிட்டேன். மழைக்காலக் காற்றில் அது பறந்துகொண்டே இருந்தது, மறைப்புக்கு லாயக்கில்லை. தட்டி செய்யவில்லை. கடைசிவரை செய்யவில்லை. அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகள் குளிரில் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொண்டு உடை மாற்றினார்கள்.

கீழே நடந்ததெல்லாம் பழைய பள்ளியின் தமிழாசிரியை மூலமாகத் தெரியவந்தது. நாலு நாள் என்றது வருஷக் கணக்கில் போனது. தட்டிகளைக் கரையான் அரித்தது. அதற்குள் புதுக் கட்டடம் வந்து, ஒவ்வொரு வகுப்பையும் அ பிரிவு, ஆ பிரிவு என்று இரண்டு அறையாகப் பிரித்துவிட்டார்களாம். யார் எந்தப் பிரிவு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போராட்டத்துக்கும் பலன் கிடைத்தது. அந்த ஊரிலிருந்து சிலர் அரசு வேலைக்குப் போனார்கள். எட்டாம் வகுப்பில் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனானே, அந்தப் பையன் கண்டக்டராகி, கச்சிராயபாளையம் பஸ்ஸில் தன் சீட்டிலிருந்து எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்றான், உண்மையான அன்போடு. அவனுக்கு எதுவும் நினைவில்லை. நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

பல வருஷம் கழித்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸுக்காக நின்றபோது, "டீச்சர்" என்று ஒரு பெண் கையைப் பிடித்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "நான்தான் டீச்சர், டிராக்டரு" என்றாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலையாம். ஒன்பதாவதோடு நின்றுவிட்டாளாம். கூடவே ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூட வயது.

பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் தட்டிக்கு வந்தது. அவள்தான் ஆரம்பித்தாள்.

"நீங்க அன்னிக்கி அத அறுத்தீங்க இல்ல டீச்சர்? நாங்க ரொம்ப பயந்துட்டோம்."

"தெரியும்மா."

"அந்தப் பக்கம் போர்டு பூட்ச்சி. அல்ஜீப்ரா பாதி தான் டீச்சர் தெரியும், மீதிய நாங்களே போட்டுக்குவோம்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாள். சிரித்துவைத்தேன்.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கம்பெனில ஷிப்ட்டு மாறி மாறி வருது. இவள வெச்சிக்கினு முடியல. உங்க ஸ்கூல்ல தங்கிப் படிக்கலாமாமே. சேத்துக்குவீங்களா?"

"அது மலை சனங்களோட புள்ளைங்களுக்கும்மா."

அவள் அதை யோசித்தாள். "அங்கயும் தனித்தனி தானா டீச்சர்?"

இல்லை, அது வேறு, இது வேறு என்று சொன்னேன். வேறுதான். பள்ளிக்கூடமே இல்லாதவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுப்பதும், இருக்கிற பள்ளிக்கூடத்தில் நடுவே தட்டி வைப்பதும் ஒன்றாகாது. ஆனால் பஸ்களின் இரைச்சலுக்கு நடுவில், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற அவளிடம் அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "சரிங்க டீச்சர்" என்றாள், சின்ன வயதில் சொன்ன அதே மாதிரி.

சில சமயம் வெளிப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுப்பார்கள், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் முகம் தெளிந்தது. திருப்பூர் பஸ் புறப்படப் போவதாகச் சத்தம் போட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜன்னல் வழியாகக் கையாட்டினாள்.

மலைக்குப் போனதும் கேட்டேன். இந்த வருஷம் இடமில்லை, அடுத்த வருஷம் முயற்சி செய்யலாம் என்றார்கள். அதைச் சொல்லி அனுப்ப அவளுடைய விலாசத்தை நான் வாங்கியிருக்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.